காலையில் சரியாக விழுந்த குவியம் மதியம் எங்கே போகிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: தண்ணீர்த் தொட்டியில் ட்ரான்ஸ்டியூசர்களை, அதாவது மின்சாரத்தை ஒலியாகவும் ஒலியை மின்சாரமாகவும் மாற்றும் சின்னக் கருவிகளை, வரிசையாக வைத்து 1 மெகாஹெர்ட்ஸ் மீயொலியை 15 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு புள்ளியில் குவிக்கிறார்கள். காலையில் சரியாக விழும் குவியம் மதியம் மங்கிப்போய்ப் பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. ஊடகத்தை இன்னும் துல்லியமாகக் கணினியில் மாதிரியாக்கினால் இது தீருமா, உடம்புக்குள்ளும் கடலுக்குள்ளும் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

அந்த வழியில் மட்டும் போனால் தீராது. மாதிரி எவ்வளவு துல்லியம் என்று கேட்பதற்கு முன்னால் அது எவ்வளவு பழையது என்று கேளுங்கள். ஊடகத்தை அளந்த நேரத்துக்கும் ஒலியை அனுப்பும் நேரத்துக்கும் நடுவில் ஊடகம் எவ்வளவு மாறியது, அந்த மாற்றம் உங்கள் அலைநீளத்தில் எத்தனை பங்கு என்று தெரிந்தால் போதும், மிச்சம் எல்லாம் பொறியியல் வேலைதான்.

முதலில் உங்கள் தொட்டியையே பார்ப்போம். 20 டிகிரி தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1482 மீட்டர் போகும், 30 டிகிரியில் சுமார் 1509. அதாவது ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2.7 மீட்டர். தொட்டி முழுக்க ஒரே சீராகச் சூடானால் பெரிதாக ஒன்றும் கெடாது, ஏனென்றால் எல்லாப் பாதையிலும் ஒலி கிட்டத்தட்ட ஒரே அளவு முந்தி வரும், குவியம் ஆழவாக்கில் கொஞ்சம் தள்ளி விழும், அவ்வளவுதான். பாதைக்குப் பாதை வித்தியாசம் வரும்போதுதான் சிக்கல். 15 சென்டிமீட்டரை ஒலி சுமார் 100 மைக்ரோநொடியில் கடக்கிறது. ஜன்னல் வெயில் படுகிற பக்கம் மற்றப் பக்கத்தைவிட 3 டிகிரி கூடுதல் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பக்கத்து ஒலி அரை மைக்ரோநொடி முன்னதாக வந்து சேரும். 1 மெகாஹெர்ட்ஸில் அரை மைக்ரோநொடி என்றால் அரை அலை. ஒரு பக்கத்து அலை அழுத்தத்தை ஏற்றும் நேரத்தில் மறுபக்கத்து அலை இறக்கிக்கொண்டிருக்கும்.

தேர் வடம் பிடிக்கிற ஆயிரம் பேரும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் தேர் நகரும்; ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் அத்தனை பலமும் இருந்தும் தேர் நிலையிலேயே நிற்கும். குவிப்பதும் இதுதான். N ட்ரான்ஸ்டியூசர்கள் ஒத்து வந்தால் குவியத்தில் ஒலியின் செறிவு N-இன் வர்க்கமாக ஏறும், ஒத்து வராவிட்டால் வெறும் N. ஆயிரம் ட்ரான்ஸ்டியூசர் இருந்தால் வித்தியாசம் ஆயிரம் மடங்கு.

உங்கள் விவரிப்பில் நோய்க்குறி ஒன்றும் இருக்கிறது. வெப்பம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீராக ஏறினால் குவியம் உருக்குலையாமல் பக்கவாட்டில் நகரும். ஒழுங்கில்லாமல் திட்டுத்திட்டாக மாறினால் இடத்திலேயே இருந்து மங்கும். உங்களுக்கு இரண்டும் நடக்கிறது, ஆகவே தொட்டியில் சரிவும் இருக்கிறது, கலக்கமும் இருக்கிறது. நான் வெயிலை மட்டும் சந்தேகிக்க மாட்டேன். பல மணி நேரம் ஓடும் ட்ரான்ஸ்டியூசரே தன் முகத்தருகே தண்ணீரைச் சூடாக்கும், அந்தச் சூடான நீர் மேலே எழும்பிப் பாதையின் குறுக்கே போகும்.

காலை, மதியம் என்று சொன்னதும் நினைவுக்கு வருவது அமெரிக்கக் கடற்படைக்கு 1930களில் வந்த தலைவலி. கியூபாவின் குவாண்டனாமோ பக்கம் பயிற்சியில் சோனார், அதாவது ஒலியை அனுப்பி எதிரொலியால் இலக்கைக் கண்டுபிடிக்கும் கருவி, காலையில் நீர்மூழ்கியை நன்றாகப் பிடிக்கும், மதியத்துக்கு மேல் அதே கருவி, அதே தூரம், ஒன்றும் கேட்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஆட்கள் தூங்கி வழிகிறார்கள் என்று முதலில் நினைத்தார்களாம். கடலியலாளர்கள் போய்ப் பார்த்தபோது கடலின் மேலடுக்கு வெயிலில் சில டிகிரி சூடாகி, ஒலி அங்கிருந்து கீழ்நோக்கி வளைந்துபோவது தெரிந்தது. நீர்மூழ்கி அந்த நிழலில் நின்றுகொண்டிருந்தது. ஆழத்தோடு வெப்பநிலையைத் தானாகவே வரைந்து தரும் பாத்திதெர்மோகிராஃப் என்ற கருவியை ஏதல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ் உருவாக்கியதும் அந்தக் காலத்தில்தான். கவனியுங்கள், அவர்கள் சோனாரைக் கூர்மையாக்கவில்லை, கடலை அன்றன்றைக்கு அளக்க ஆரம்பித்தார்கள்.

சரி, எவ்வளவு பிழையைத் தாங்கலாம்? பலரும் நினைப்பதைவிடக் கூடுதலாகவே தாங்கலாம். பாதைகளின் கட்டத்தில் (ஃபேஸ்), அதாவது வந்து சேரும் அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதில், ஒழுங்கற்ற பிழை வந்தால் குவியச் செறிவு எப்படிக் குறையும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: பிழையின் சராசரி அளவை ரேடியனில் (ஒரு முழு அலை 2π ரேடியன்) எடுத்து வர்க்கப்படுத்தி, அதை e-க்கு எதிர்மறை அடுக்காகப் போடவேண்டியதுதான். பிழை அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு என்றால் 90 சதவீதம் செறிவு மிஞ்சும். பத்தில் ஒரு பங்கு என்றால் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். ஆறில் ஒரு பங்கானால் மூன்றில் ஒன்று. நான்கில் ஒரு பங்கானால் 8 சதவீதம், அதாவது போச்சு. பத்தில் ஒரு பங்குவரை கவலையே படாதீர்கள், ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் உடனே அளக்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். வீச்சில், அதாவது அலையின் உயரத்தில், வரும் பிழை இந்த அளவுக்குப் பாடுபடுத்தாது. ஒவ்வொரு ட்ரான்ஸ்டியூசருக்கும் "கூட்டு" அல்லது "கழி" என்று ஒரே ஒரு பிட் கட்டத் தகவலை மட்டும் கொடுத்தாலும் முழுச் செறிவில் 40 சதவீதம் கிடைக்கிறது. விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபயரை வாங்கி வீச்சைத் துல்லியமாக்கப் பார்ப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: காசை நேரத் துல்லியத்தில் போடுங்கள்.

மாதிரியே இல்லாமல் குவிக்கும் வழியைப் பிரபலமாக்கியவர் பாரிஸில் ஈஎஸ்பிசிஐ ஆய்வகத்தைச் சேர்ந்த மத்தியாஸ் ஃபிங்க். யோசனை இவ்வளவுதான்: குவிக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஒலிமூலத்தை வைத்து ஒரு துடிப்பை அனுப்பு. அது ஊடகத்தில் வளைந்து, சிதறி, எதிரொலித்து வரிசைக்கு வந்து சேர்வதைப் பதிவுசெய். பதிவை நேரவாக்கில் திருப்பி, கடைசியில் வந்ததை முதலில் அனுப்பு. அலை போன வழியெல்லாம் திரும்பி வந்து மூலம் இருந்த இடத்தில் சேரும். டைம் ரிவர்சல் என்று இதைச் சொல்கிறார்கள். ஊடகத்தில் எங்கே என்ன இருக்கிறது என்று எதுவுமே தெரிய வேண்டியதில்லை, பதிவிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது.

1995-இல் ஃபிங்க் குழு செய்த சோதனை இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. ஒலிமூலத்துக்கும் 96 ட்ரான்ஸ்டியூசர் கொண்ட வரிசைக்கும் நடுவே 2000 எஃகுக் கம்பிகளை ஒழுங்கில்லாமல் நட்டு வைத்தார்கள். ஒரு மைக்ரோநொடித் துடிப்பு கம்பிகளுக்கிடையே மோதி மோதி நூற்றுக்கணக்கான மைக்ரோநொடி நீளும் இரைச்சலாக வெளியே வந்தது. அதைத் திருப்பி அனுப்பினால் மறுபடியும் ஒரு மைக்ரோநொடித் துடிப்பாகச் சுருங்கியது. அதோடு, கம்பிகளே இல்லாத வெறும் தண்ணீரில் கிடைத்த குவியத்தைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு குறுகலாக விழுந்தது. வெறும் தண்ணீரில் வரிசையின் அகலம் எவ்வளவோ அந்தக் கோணத்திலிருந்து மட்டும்தான் அலை வரமுடியும். கம்பிக் காட்டில் ஒலி பக்கவாட்டிலும் சிதறிப் பல கோணங்களிலிருந்து புள்ளிக்கு வருகிறது, அதாவது இரவல் வாங்கிய பெரிய லென்ஸ். 1997-இல் இதே குழு ஒரு சிலிக்கான் தகட்டில் ஒரே ஒரு ட்ரான்ஸ்டியூசரை வைத்துக் குவித்துக் காட்டியது, எதிரொலிகளே மிச்ச வரிசையின் வேலையைப் பார்த்துக்கொண்டன.

ஆனால் கம்பிகள் அசையாமல் இருந்தன. பதிவுக்கும் திருப்பி அனுப்புவதற்கும் நடுவில் கம்பிகளை அலைநீளத்தில் கணிசமான பங்கு நகர்த்திவிட்டால் அந்த அழகெல்லாம் கரைந்துவிடும். அதுவும் பலமுறை மோதி நீண்ட நேரம் கழித்து வரும் பகுதிதான் முதலில் கெடும், ஏனென்றால் அது அதிகக் கம்பிகளைத் தொட்டு வருகிறது, ஒவ்வொன்றின் சின்ன நகர்வும் அதில் சேர்ந்துகொண்டே போகும். நேராக வரும் பகுதி நீண்ட நேரம் தாங்கும். ஊடகம் வேகமாக மாறுகிறது என்றால் பதிவின் பின்பகுதியை வெட்டிவிட்டு முன்பகுதியை மட்டும் திருப்பி அனுப்புவது நல்லது. கூர்மை கொஞ்சம் குறையும், ஆனால் கிடைப்பது நிலைத்து நிற்கும்.

கடலில் இதை உண்மையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 1965-இலேயே பர்வுலெஸ்கு, கிளே என்ற இரண்டு ஆய்வாளர்கள் கடலில் போன ஒலியின் பதிவைத் திருப்பி அனுப்பி, அது மீண்டும் சேர்கிறதா என்று பார்த்தார்கள். பெரிய அளவில் 1996-இல் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் குப்பர்மன் குழுவும் நேட்டோவின் லா ஸ்பெசியா ஆய்வு மையமும் இத்தாலியின் மேற்குக் கரைக்கு அப்பால் ஆழமில்லாத கடலில் செங்குத்து வரிசை ஒன்றை இறக்கி, 445 ஹெர்ட்ஸ் ஒலியை 6 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த புள்ளிக்குத் திருப்பிக் குவித்தார்கள். பிறகு 30 கிலோமீட்டர் வரை போனார்கள். அதில் ஆச்சரியம் தூரமல்ல: ஒரு வாரம் பழைய பதிவைத் திருப்பி அனுப்பியும் குவியம் விழுந்தது. கடல் அந்த ஒரு வாரத்தில் சும்மா இருக்கவில்லை. அலை, நீரோட்டம், நீருக்குள்ளேயே எழும் உள்ளலை எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 445 ஹெர்ட்ஸின் அலைநீளம் கடல்நீரில் 3 மீட்டருக்கு மேல், ஆகவே அரை மீட்டர் அளவுக்குப் பாதை மாறினாலும் அது பொறுத்துக்கொள்கிறது. அதே கடலில் ஒலியால் தகவல் அனுப்பும் 10 கிலோஹெர்ட்ஸ் மோடம் ஓட்டுகிறவருக்கு அலைநீளம் 15 சென்டிமீட்டர்தான், மேற்பரப்பு அலை ஒவ்வொரு எட்டுப் பத்து நொடிக்கும் மீட்டர்கணக்கில் ஏறி இறங்குகிறது, அவர் வாரக்கணக்கைக் கனவிலும் நினைக்க முடியாது, நொடிக்கொருமுறை புதுப்பிக்கவேண்டும். இன்னொரு தந்திரமும் அந்தச் சோதனைகளில் வந்தது: பதிவின் அதிர்வெண்ணைச் சிறிதளவு மாற்றி அனுப்பினால் குவியத்தைத் தூரவாக்கில் முன்னும் பின்னும் தள்ளலாம். ஆழமில்லாத கடல் ஒலியைத் தரைக்கும் மேற்பரப்புக்கும் நடுவே குழாய்போல நடத்துவதால் கிடைக்கும் வசதி அது, உங்கள் தொட்டியில் எதிர்பார்க்காதீர்கள்.

உடம்புக்கு வந்தால் கதை தலைகீழ். மண்டையோடு நாளுக்கு நாள் மாறுவதில்லை, ஆனால் மூளைக்குள்ளே ஒலிமூலத்தையோ ஹைட்ரோஃபோனையோ (நீருக்கடி மைக்) கொண்டுபோய் வைக்க முடியாது. எலும்பில் ஒலிவேகம் திசுவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நொடிக்கு 2800 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், எலும்பின் தடிமன் ஓரிடத்தில் இன்னோரிடத்தைவிட இரண்டரை மில்லிமீட்டர் கூடுதல் என்றாலே 650 கிலோஹெர்ட்ஸில் அரை அலை பிசகிவிடும். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஃப்ரை சகோதரர்கள் 1950களில் மூளையில் மீயொலியைக் குவித்தபோது மண்டையோட்டின் ஒரு துண்டை எடுத்துவிட்டுத்தான் செய்யவேண்டியிருந்தது, அதற்குப் பின் பல பத்தாண்டுகள் இந்த முட்டுக்கட்டையிலேயே நின்றது.

இப்போது செய்கிற விதம்: தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்து, எலும்பின் தடிமனும் அடர்த்தியும் இடத்துக்கு இடம் பார்த்து, அரைக்கோளத்தில் பதித்த 1024 ட்ரான்ஸ்டியூசர்கள் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் முன்பின் தள்ளவேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். கை நடுக்க நோய்க்கு இந்த முறையை அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016-இல் அனுமதித்தது. இங்கே மாதிரி வேலை செய்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். செய்கிறது, ஆனால் யாரும் அதை மட்டும் நம்பி முழுச் சக்தியைத் திறப்பதில்லை, பார்க்கவேண்டிய இடம் அதுதான். நோயாளி எம்ஆர்ஐ கருவிக்குள் விழிப்போடு படுத்திருப்பார். முதலில் குறைந்த சக்தியில் குவித்து, மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ் பகுதியில் சில டிகிரி சூடு எங்கே ஏறுகிறது என்று எம்ஆர்ஐயால் பார்ப்பார்கள். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனின் ஒத்ததிர்வு வெப்பத்தோடு மிக மிகச் சிறிதளவு நகரும், அதை வைத்துச் சில நொடிக்கொருமுறை வெப்பப் படம் கிடைக்கும். குவியம் ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் மின்னணு முறையில் நகர்த்திவிட்டு மறுபடி பார்ப்பார்கள். கொஞ்சம் சக்தியைக் கூட்டி, நோயாளியைச் சுருள் வரையச் சொல்லி, நடுக்கம் குறைகிறதா, வேறெதுவும் மரத்துப்போகிறதா என்று சோதிப்பார்கள். அதற்கப்புறம்தான் 55 டிகிரிக்கு மேல் ஏற்றி அந்தத் திசுவை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்வது. சிடி கணக்கு ஒரு தொடக்க ஊகம், தீர்ப்பு சொல்வது குவியத்திலிருந்து வரும் அளவீடு. வண்ணவண்ணச் சிமுலேஷன் படத்தைக் காட்டி "குவியம் இங்கேதான் விழும்" என்று அடித்துச் சொல்பவர்களிடம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் சந்தேகம்.

இங்கேயும் ஊடகம் முழுக்க அசையாமல் இல்லை. எலும்பு ஒலியை நிறைய உறிஞ்சிச் சூடாகும், அதனால்தான் தலையைச் சுற்றிக் குளிர்ந்த, காற்று நீக்கிய தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு முறை ஒலியைச் சுட்ட பிறகும் ஆற விடுகிறார்கள். திசுவிலும், சூடாகச் சூடாக நீர் நிறைந்த திசுவில் வேகம் ஏறும், கொழுப்பில் இறங்கும். நீங்கள் அனுப்பும் ஒலியே ஊடகத்தை மாற்றுகிறது, மாறிய ஊடகம் ஒலியை மாற்றுகிறது. நீண்ட நேரம் தொடர்ந்து சுடாமல் விட்டுவிட்டுச் சுடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூச்சோடு அசையும் உறுப்புகள்தான் உண்மையான சோதனை. 1980-இல் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை அதிர்ச்சி அலையால் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு உடைத்தார்கள். அந்த வழியில் வந்த டோர்னியர் ஹெச்எம்3 கருவிக்குக் குவியம் அகலம். பிறகு வந்த பல கருவிகள் குவியத்தைக் குறுக்கி, அழுத்தத்தைக் கூட்டின, காகிதத்தில் எல்லாம் முன்னேற்றம்தான். ஆனால் கல்லை உடைப்பதில் பழைய ஹெச்எம்3-ஐ அவை மிஞ்சவில்லை என்று சிறுநீரக மருத்துவர்கள் பல ஆண்டுகள் புலம்பினார்கள். மூச்சு இழுத்து விடும்போது சிறுநீரகம் சென்டிமீட்டர்கணக்கில் மேலும் கீழும் போகிறது. குறுகிய குவியம் பல சுடுகளில் கல்லைத் தொடவே தொடாமல் பக்கத்துச் சதையைத்தான் அடிக்கிறது. நகர்வை உங்களால் பின்தொடர முடியாத இடத்தில் அதைவிடக் குறுகிய குவியம் வைத்துக்கொள்வது வீண் பெருமை. ஒன்று அகலமாக்குங்கள், அல்லது மூச்சின் ஒரு கட்டத்தில் மட்டும் சுடுங்கள், அல்லது கல்லிலிருந்து திரும்பி வரும் எதிரொலியையே வழிகாட்டியாக வைத்து ஒவ்வொரு சுடுக்கும் முன் குறியைத் திருத்துங்கள். கடைசி வழி டைம் ரிவர்சலின் தம்பிதான்: எதிரொலியைத் திருப்பி அனுப்பு, வருவதை மறுபடி திருப்பி அனுப்பு, சில சுற்றுகளில் அலை பலமான பிரதிபலிப்பானைத் தானே தேடிப் பிடித்துவிடும். இரண்டு கற்கள் இருந்தால் பெரியதைத்தான் பிடிக்கும், அதை நினைவில் வையுங்கள்.

இனி உங்கள் தொட்டிக்கு. ஹைட்ரோஃபோனைக் குவியத்தில் வைத்து, எதையும் மாற்றாமல் ஒரே துடிப்பை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நாள் முழுக்க அனுப்புங்கள், ஒவ்வொரு ட்ரான்ஸ்டியூசரையும் தனித்தனியாக. வருகை நேரம் முதல் பதிவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று வரைந்து, எல்லாவற்றுக்கும் பொதுவான விலகலைக் கழித்துவிடுங்கள், அது கேடில்லாதது. மிஞ்சும் பரவல் 1 மெகாஹெர்ட்ஸில் 0.1 மைக்ரோநொடியைத் தொட எவ்வளவு நேரம் ஆகிறதோ அதுதான் உங்கள் அளவீட்டின் ஆயுள். அது 20 நிமிடம் என்று வந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறு அளவீடு போதும், மாதிரியும் வேண்டாம் மண்ணும் வேண்டாம். இரண்டு நொடி என்று வந்தால் அதிர்வெண்ணைக் குறையுங்கள்: 1 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளப் பிழை அதே தொட்டியில் 330 கிலோஹெர்ட்ஸில் பன்னிரண்டில் ஒரு பங்குதான், 8 சதவீதமாக இருந்த செறிவு 75 சதவீதத்துக்கு ஏறும், விலையாகக் குவியம் மூன்று மடங்கு அகலமாகும்.

தண்ணீரைச் சுழலவிடலாமா என்ற தயக்கம் இருந்தால், தாராளமாகச் சுழலவிடுங்கள். ஓட்டம் இருந்தால் போகும் நேரமும் வரும் நேரமும் வேறாகும், டைம் ரிவர்சல் அடிப்படையே ஆட்டம் காணும் என்பது கொள்கையளவில் சரிதான். ஆனால் நொடிக்கு 10 சென்டிமீட்டர் ஓட்டத்தில் உங்கள் 15 சென்டிமீட்டர் பாதைக்கு அந்த வித்தியாசம் 0.014 மைக்ரோநொடிதான், பொருட்படுத்த வேண்டாம். காற்றில் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் குவிப்பவருக்குத்தான் அது வினை, ஒரு மீட்டர் பாதையில் நொடிக்கு ஒரு மீட்டர் தென்றலே ஒரு அலையில் மூன்றில் இரண்டு பங்கைச் சாப்பிட்டுவிடும். உங்களுக்குச் சுழற்சி வெப்பத் திட்டுகளைக் கலைத்துவிடும், பாதி நோய் அதிலேயே போகும். பம்பின் வாய் நீர்மட்டத்துக்கு நன்றாகக் கீழே இருக்கட்டும், குமிழி மட்டும் உள்ளே வரக்கூடாது, குமிழி வந்தால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் செல்லாது.